ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்யணுமா? தூத்துக்குடிக் கடற்கரைக்கு அந்த ஒற்றை விதி போதாது!

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களில் விளக்கு எரியத் தொடங்கும் நேரம், கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தங்கமான நேரம். முயல் தீவுப் பக்கமோ, ஹார்பர் பீச்சிலோ ட்ரைபாடை விரித்து 30 விநாடி ஷட்டர் வைத்தால் போதும். அலையெல்லாம் அடங்கி, கடல் பாலை ஊற்றிவைத்த மாதிரி வழுவழுப்பாக வரும். கேமராவின் குட்டி ஸ்க்ரீனில் பார்க்கும்போது அட்டகாசமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். விளக்குகள் புள்ளியாக இல்லை. ஒவ்வொன்றும் சின்ன கொக்கி மாதிரி, உடைந்த இடியாப்ப இழை மாதிரி வளைந்து கிடக்கும்.

"கப்பல் ஆடியிருக்கும், விடு" என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வது இங்கேதான். கப்பல் ஆடும் என்பது உண்மை. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி மெதுவாகத் திரும்பிக்கொண்டேதான் இருக்கும். ஆனால், குற்றவாளி கப்பலா கேமராவா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அதே படத்தில் கரையோரமாகவோ, அலைத்தடுப்புச் சுவரிலோ அசையாமல் இருக்கும் ஒரு விளக்கைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அது புள்ளியாக இருந்து கப்பல் விளக்கு மட்டும் இழுபட்டிருந்தால், பழி கப்பல் மேல். கரை விளக்கும் கப்பல் விளக்கும் அச்சடித்தாற்போல ஒரே வடிவத்தில் வளைந்திருந்தால், கப்பல் மேல் ஒரு தப்பும் இல்லை. அசைந்தது கேமரா, அல்லது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி.

ட்ரைபாடில் இறுக்கி வைத்த கேமராவுக்குள் கண்ணாடி எப்படி அசையும்? அசைவைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்ட இமேஜ் ஸ்டெபிலைசேஷன்தான் சில நேரம் அதை அசைக்கிறது.

அசைவைத் தேடும் கருவி, அசையாத இடத்தில்...

லென்ஸுக்குள்ளோ கேமரா உடலுக்குள்ளோ இருக்கும் கைரோ சென்சார்கள், கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று விடாமல் அளந்துகொண்டிருக்கும. கை நடுங்கி கேமரா கீழே சாய்ந்தால், லென்ஸின் ஒரு பகுதியோ சென்சாரோ அதை ஈடுகட்டும்படி நகரும். விளைவு, படம் கலங்காது. கையில் பிடித்து எடுக்கும்போது இது வரப்பிரசாதம். 200 மி.மீ. லென்ஸுக்குக் குறைந்தது 1/200 விநாடி ஷட்டர் வேண்டும் என்பது பழைய கணக்கு. நான்கு ஸ்டாப் அளவுக்கு ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால், அதே லென்ஸைக் கிட்டத்தட்ட 1/12 விநாடி வரை கையிலேயே பிடித்து எடுத்துவிடலாம்.

1994-ல் நிக்கானின் ஜூம் 700விஆர் ஃபிலிம் கேமராவிலும், 1995-ல் கேனனின் 75-300 மி.மீ. ஐ.எஸ். லென்ஸிலும் இந்த வசதி வந்தது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. அந்தத் தலைமுறை லென்ஸ்களுக்குக் கையில் இருக்கிறோமா, ட்ரைபாடில் இருக்கிறோமா என்று தெரியாது. எந்த சென்சாரும் முழு அமைதியாக இருப்பதில்லை. அசைவே இல்லாதபோதும் அதிலிருந்து பொடிப்பொடியாகப் பொய்த் தகவல் வந்துகொண்டிருக்கும். கை நடுக்கம் இருக்கும்போது இந்தப் பொய் அந்தப் பெரிய அசைவில் அமுங்கிப்போகும். ட்ரைபாடின் அமைதியில், இல்லாத அசைவுக்காக லென்ஸ் நகரும். போதாக்குறைக்கு, நகரும் லென்ஸின் மோட்டார் அதிர்வையே சென்சார் புது அசைவு என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் ஈடுகட்டப் போகும். தன் நிழலைப் பார்த்துத் தானே குரைக்கும் நாயின் கதைதான்.

"ஸ்டாண்டுல வச்சா ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணு" என்ற அறிவுரை பிறந்தது இப்படித்தான். கல்யாண வீட்டு வீடியோகிராபர் முதல் ரீல்ஸ் எடுக்கும் கல்லூரி மாணவர் வரை எல்லோரும் இன்று சொல்வது இந்த ஒற்றை வரியைத்தான்.

1999-ல் வந்த கேனனின் பெரிய டெலிபோட்டோ லென்ஸ்களே ட்ரைபாடைத் தாமாக உணர்ந்துகொள்ளும்படி மாற்றப்பட்டுவிட்டன. இன்றைய கேமராக்கள் பலவற்றிலும் அந்தப் புத்தி உண்டு. அதனால் இன்னொரு கோஷ்டி, "அதெல்லாம் பழைய கதை, எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்" என்கிறது. பகல் வெளிச்சத்தில், 1/1000 விநாடியில் எடுப்பவருக்கு இந்த இரண்டு கோஷ்டிகளில் யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். அந்தப் படத்தில் வித்தியாசமே தெரியாது. பிரச்சினை வெளிச்சம் போன பிறகும், ஷட்டர் நீளும்போதும், டெலிபோட்டோ மாட்டும்போதும்தான் வருகிறது. அங்கே இரண்டு கோஷ்டிகளுமே பாதி தவறு. ட்ரைபாடில் வைத்துவிட்டால் கேமரா அசையாது என்று முதல் கோஷ்டி நம்புகிறது. அசைவது எது என்று கேமராவுக்கு எப்போதும் தெரியும் என்று இரண்டாவது கோஷ்டி நம்புகிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் இந்த இரண்டு நம்பிக்கையுமே நிற்காது.

பூமி சுத்துறதும் அசைவுதானே!

30 விநாடிப் படத்துக்கு வருவோம். அதில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அப்படியானால் 30 விநாடியில் எட்டில் ஒரு பங்கு டிகிரி. ட்ரைபாடும் கரை விளக்கும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் படத்தில் அது தெரியப் போவதில்லை. ஆனால், கைரோ சென்சாருக்குக் கரையும் தெரியாது, கப்பலும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் "திரும்புகிறேன்" என்பது மட்டும்தான். பூமியின் சுழற்சியையும் கேமராவின் அசைவு என்றே அது எடுத்துக்கொள்ளலாம்.

50 மி.மீ. லென்ஸில் அந்தச் சுழற்சியை ஸ்டெபிலைசர் முழுமையாக ஈடுகட்டப் போனால், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் விளக்கு 18 பிக்சல் வரை இழுபடும் என்று கணக்கு சொல்கிறது. நடைமுறையில் இவ்வளவு மெதுவான அசைவைக் கேமராக்கள் பெரும்பாலும் வடிகட்டிவிடுகின்றன. இருந்தாலும் இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2016-ல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரே, பூமி சுழல்வது கைரோ சென்சாரைக் குழப்புவதால் ஸ்டெபிலைசேஷனை 6.5 ஸ்டாப்புக்கு மேல் கொண்டுபோவது கஷ்டம் என்று பேட்டி கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த கேமராக்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாக விளம்பரம் செய்கின்றன என்பது வேறு கதை.

ஆக, கப்பல் விளக்கு, கலங்கரை விளக்கம், அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு என்று பல விநாடி திறந்துவைத்து எடுக்கும் படங்களுக்கு ஆஃப்தான் சரி. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. சோனி போன்ற நிறுவனங்களின் கையேடுகளும் ட்ரைபாடில் ஆஃப் செய்யவே சொல்கின்றன.

தரையே நிக்காத ஊர்ல...

ஆனால் ட்ரைபாட் எதன் மேல் நிற்கிறது என்பதை அந்தக் கையேடுகள் விசாரிப்பதில்லை. கடற்கரை மணலில் அலை தொடும் தூரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் நழுவும். ட்ரைபாட் காலுக்கும் அதே கதிதான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு காலடியில் கொஞ்சம் மணல் போகும். கேமரா நூலிழை அளவு சாயும். இந்தச் சாய்வு மெதுவானது, ஒரே பக்கமாகப் போவது. ஸ்டெபிலைசரால் இதைக் காப்பாற்ற முடியாது. விநாடிக்குப் பல முறை வரும் நடுக்கத்துக்குத்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இங்கே மருந்து பழைய மருந்துதான். கால்களை ஈர மணலில் நன்றாக அழுத்தி ஊன்ற வேண்டும், அல்லது ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தட்டையான பலகைத் துண்டு வைக்க வேண்டும். (வீடு திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், உப்புக் காற்று அந்த ட்ரைபாடை இரண்டே சீசனில் பூட்டிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பளத்து ஊரில் இரும்புக்கு ஆயுசு கம்மி.)

காற்று வேறு விவகாரம். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், லேசான ட்ரைபாடில் மாட்டிய 400 மி.மீ. லென்ஸ் ஒரு கொடிக்கம்பம் மாதிரி ஆடும். ஆள் நடமாட்டமும் அலையும் மோதும் பாலத்திலோ மேடையிலோ வைத்தாலும் அப்படித்தான். இந்த ஆட்டம் கை நடுக்கத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஷட்டர் விநாடியில் ஒரு பின்னமாக இருந்தால், அதாவது 1/30, 1/60 மாதிரி இருந்தால், இங்கே ஸ்டெபிலைசேஷன் ஆனில் இருப்பதே நல்லது. "ஸ்டாண்டுல வச்சா ஆஃப்" என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுபவர், காசு கொடுத்து வாங்கிய உதவியை மிகத் தேவையான நேரத்தில் தூக்கிப் போடுகிறார்.

நிக்கானின் பல லென்ஸ் கையேடுகளில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. ட்ரைபாடில் வைத்தால் ஆஃப் என்று ஒரு வாக்கியம் இருக்கும். அடுத்ததாகவே, ட்ரைபாடின் தலையை இறுக்காமல் விட்டிருந்தால் ஆன், ஒற்றைக்கால் மோனோபாடில் வைத்திருந்தாலும் ஆன் என்று இருக்கும். ஊர் ஊராகப் பரவியது முதல் வாக்கியம் மட்டும்தான். இரண்டாவது வாக்கியம் கையேட்டின் பொடி எழுத்திலேயே தங்கிவிட்டது.

வள்ளத்தில் கேமரா: யார் ஆடுறாங்க?

இந்தக் கடற்கரையில் கேமரா இன்று அதிகம் வேலை செய்யும் இடம் கரையல்ல, கடல். 'தூத்துக்குடி மீனவன்' போன்ற யூடியூப் சேனல்கள் வந்த பிறகு, வலை இழுப்பதையும் மீன் ஏறுவதையும் நடுக்கடலிலிருந்தே பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கமாகிவிட்டது. பலருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கும் கடற்கரையில், வீடியோ வருமானம் என்பது வீட்டுச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம்.

வள்ளத்தின் விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு ஃபோனை மாட்டி, பக்கத்தில் வலை இழுப்பவரை எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். வள்ளம் உருளும்போது ஃபோனும் சேர்ந்து உருளும், வலை இழுப்பவரும் சேர்ந்து உருளுவார். இரண்டும் ஒரே கட்டையில் நிற்பதால், ஒன்றுக்கொன்று அசைவே இல்லை. ஸ்டெபிலைசர் எதுவும் செய்யாமல் இருந்தாலே படம் நிலையாக வரும். ஆனால் கைரோவுக்கு வள்ளத்தின் உருளல் முழுவதும் தெரியும். அதை ரத்து செய்யப் புறப்படும். கடலோடு ஒப்பிட்டுப் படத்தை நிறுத்தப் பார்க்கும்; அதன் பலனாக, அசையாமல் நின்ற ஆள் ஃப்ரேமுக்குள் தள்ளாடத் தொடங்குவார். ஓடும் பேருந்துக்குள் ஃபோனை மாட்டி டிரைவரை எடுத்தவர்களும் இந்த வினோதத் தள்ளாட்டத்தைப் பார்த்திருப்பார்கள். ஆக, வள்ளத்தில் மாட்டி வள்ளத்துக்குள் இருப்பதை எடுத்தால் ஆஃப்.

அதே வள்ளத்திலிருந்து கரையையோ இன்னொரு படகையோ தூரத்தில் தெரியும் வான் தீவையோ எடுக்கும்போது கதை தலைகீழ். அங்கே ஆடுவது வள்ளம், ஆடாதது கரை. ஸ்டெபிலைசேஷன் ஆன். முடிந்தால் கிளாம்ப்பையும் கழற்றிவிட்டுக் கையில் பிடிப்பதே மேல். முழங்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால், பாதி ஆட்டத்தை உடம்பே வாங்கிக்கொள்ளும். கடலில் பழகிய மீனவர்களின் கால் இதை எந்தக் கிம்பலையும்விட நன்றாகச் செய்கிறது.

கிம்பல் என்றதும் இன்னொன்று. கிம்பலில் எடுத்தால் அடிவானம் கோடு போட்டாற்போல நிற்கும். வள்ளம் மட்டும் அதன் மேல் ஆடும். கிளாம்ப்பில் ஸ்டெபிலைசர் இல்லாமல் எடுத்தால் வள்ளம் நிற்கும். அடிவானம் எழும்பித் தாழும். முதலாவது கரையில் நிற்பவர் பார்க்கும் கடல். இரண்டாவது வள்ளத்துக்குள் இருப்பவர் பார்க்கும் கடல். கடல் தொழில் பற்றிய டிவி செய்திகளும் ஆவணப்படங்களும் கிட்டத்தட்ட எப்போதும் முதலாவதையே தேர்ந்தெடுப்பது ஏன்? பார்ப்பவருக்குத் தலைசுற்றக் கூடாது என்பது நியாயமான காரணம். ஆனாலும் ஒரு முறையாவது இரண்டாவதைக் காட்டலாம். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று வர்ணனை பேசாமலே தெரியும்.

எஞ்சின் அதிர்வும் காஸ்ட்லி ஃபோனும்

கிளாம்ப் விஷயத்தில் படத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் உதவிப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து ஐபோனுக்குப் போனால், கேமராவின் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனும் ஆட்டோஃபோகஸும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்றது. சின்ன மொபெட், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும், அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போட்டுக்கொள்ளும்படி சொன்னது.

அந்தப் பக்கத்தில் வள்ளம் இல்லை. ஆனால் மரக்கட்டையிலோ ஃபைபரிலோ இறுக்கிய டீசல் எஞ்சின் தடதடக்கும் வள்ளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு, அந்த எச்சரிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. லென்ஸைத் தாங்கும் காந்தமும் சுருளும் மிக நுட்பமானவை. கேமரா ஆப்பைத் திறக்காமல் ஃபோனைக் கிளாம்ப்பில் சும்மா விட்டாலும் அதிர்வு போய்க்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஃபோனைக் கழற்றிப் பையில் போடுவது, கிளாம்ப்புக்கும் கட்டைக்கும் நடுவில் தடித்த ரப்பர் வைப்பது, முடிந்தால் எஞ்சினிலிருந்து தள்ளி முன்பக்கமாக மாட்டுவது என்பதெல்லாம் செலவில்லாத பாதுகாப்பு. நுட்பமான பாகமே இல்லாத, எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் மட்டும் உள்ள ஆக்‌ஷன் கேமராவைக் கட்டையில் மாட்டிவிட்டு, ஃபோனைக் கையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஃபோனில் அந்த ஸ்விட்ச் எங்கே?

இவ்வளவும் படித்த ஒருவர் ஃபோனை எடுத்து செட்டிங்ஸில் தேடினால் ஏமாந்துதான் போவார். பெரிய லென்ஸ்களின் பக்கவாட்டில் ஆன்-ஆஃப் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஃபோனில் ஃபோட்டோ எடுக்கும்போது ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனை நிறுத்தும் வசதி பெரும்பாலும் கண்ணில் படும் இடத்தில் இருக்காது. வீடியோவுக்கு இருக்கும் "ஸ்டெபிலைசேஷன்" பட்டன் பெரும்பாலும் எலக்ட்ரானிக் வகை. ஃப்ரேமின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை நகர்த்தி ஓட்டுவது அது. அதை ஆஃப் செய்தால் உள்ளே லென்ஸ் நகர்வதும் நின்றுவிட்டது என்று நினைப்பது தவறு.

செய்ய முடியாத விஷயம் என்பதால் அந்த ஸ்விட்ச் இல்லாமல் போகவில்லை. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு லாலிபாப் பதிப்பிலிருந்தே, ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷனை ஆன், ஆஃப் செய்யும் கட்டளை ஆப் எழுதுபவர்களுக்கு உண்டு. ஃபோன் தயாரிப்பாளர் வழிவிட்டால் போதும். வழி இருந்தும் தங்கள் சொந்த கேமரா ஆப்பில் பல நிறுவனங்கள் அதை வைப்பதில்லை. சாதாரண ஆட்கள் தெரியாமல் ஆஃப் செய்துவிட்டு "கேமரா சரியில்லை" என்று சர்வீஸ் சென்டருக்கு வருவார்கள் என்ற பயம் புரிகிறது. அந்த பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஷட்டர், ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ் என்று பத்து விஷயங்களை 'ப்ரோ மோடு' என்று தனியாகத் திறந்துவிட்டு, 108 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று போஸ்டர் ஒட்டும் கம்பெனிகளுக்கு, பதினோராவதாக ஒரு பட்டனை அதே மோடில் வைப்பது அவ்வளவு கஷ்டமா? கேமராவுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு, அந்த கேமரா எப்போது தானாக அசையும் என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. பட்டனுக்குக் கீழே இரண்டு வரி விளக்கத்தைத் தமிழிலும் போடலாம். மெனு முழுவதையும் தமிழில் மாற்றித் தரும் நிறுவனங்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அதுவரை ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. இருட்டில் நைட் மோடைத் திறந்தால், கையில் பிடித்திருக்கும்போது அதிகபட்ச நேரம் சில விநாடிதான் காட்டும். நன்றாக நிற்கும் ட்ரைபாடில் வைத்தால் 30 விநாடி வரை காட்டும். முடிவு செய்வது கைரோதான். ட்ரைபாடில் மாட்டிய பிறகும் 30 வரவில்லை என்றால், காலுக்குக் கீழே இருக்கும் பலகையோ மணலோ ஆடுகிறது என்று ஃபோனே சொல்லிவிட்டது. இடத்தை மாற்ற வேண்டும். கூகுள் பிக்சலில் நட்சத்திரங்களை எடுக்கும் மோடும் இதே மாதிரி, ஃபோன் அசையாமல் இருப்பதை உணர்ந்துகொண்டுதான் விழிக்கிறது.

முத்தும் பவளப்பாறையும்

இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. இன்று முத்தையும் சங்கு நகையையும் இன்ஸ்டாகிராமில் விற்பவர்களுக்குத் தேவை, ஒரு நல்ல க்ளோசப். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண கைரோ திரும்புவதை மட்டுமே அறியும். கேமரா அப்படியே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் அதற்குத் தெரியாது. தூரத்துக் கப்பலுக்கு ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. ஒரு சாண் தூரத்து முத்துக்கு அது பெரிய தூரம். 2009-ல் வந்த கேனனின் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இதற்காகவே நகர்வையும் அளக்கும் கூடுதல் சென்சாரோடு வந்தது. அது இல்லாதவர்களுக்கு வழி நேரானது: மேஜையில் ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், ஃபேன் ஆஃப், ஸ்டெபிலைசர் ஆஃப்.

அளவெடுக்கும் படங்களுக்கும் ஆஃப்தான். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான வான் தீவு கடல் அரிப்பால் வெகுவாகச் சுருங்கிவிட்டது. செயற்கைப் பவளப்பாறைத் தடுப்புகளைப் போட்டு அதைக் காப்பாற்றும் வேலை நடந்திருக்கிறது. இப்படியான இடங்களில் கரையோ பாறையோ எவ்வளவு மாறியது என்பதைப் பல படங்களைக் கோத்து அளக்கும் முறைக்கு, லென்ஸின் மையம் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் அந்த மையத்தையே நகர்த்திவிடும். படம் அழகாக இருக்கும், அளவு தப்பாக இருக்கும்.

கூட்டத்தில் முக்காலிக்கு இடமேது?

பனிமய மாதா பேராலயத் திருவிழாவில், ஆகஸ்ட் 5 அன்று ட்ரைபாட் விரிக்க இடம் கிடைத்தால் அது அதிசயம். தங்கத் தேர் ஓடிய 2023 மாதிரி ஆண்டுகளில் கால் வைக்கவே இடம் இருக்காது. குலசேகரன்பட்டினம் தசராவில், சூரசம்ஹாரம் நடக்கும் இரவில் கடற்கரை முழுக்க வேஷம் கட்டியவர்கள் நிற்கும்போதும் அதே நிலைதான். இங்கெல்லாம் கையும் ஸ்டெபிலைசரும்தான் துணை. மோனோபாட் இருந்தால் இன்னும் நல்லது, ஸ்டெபிலைசர் ஆனிலேயே இருக்கலாம். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டெபிலைசர் கேமராவைத்தான் நிறுத்தும், ஆடும் ஆளை நிறுத்தாது. காளி வேஷம் கட்டியவர் சுழன்று ஆடும்போது 1/10 விநாடியில் எடுத்தால், பின்னால் இருக்கும் பந்தல் துல்லியமாக இருக்கும், காளி புகை மாதிரி இருப்பார். அதுதான் வேண்டும் என்றால் சரி.

இருட்டில் ஃபோன் வீடியோ ஏன் திடீர் திடீரென்று துடிக்கிறது என்பதற்கும் இதில் பதில் உண்டு. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் ஃப்ரேமைப் பிடித்து நிறுத்திவிடும். ஆனால் அந்த ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் ஏற்கெனவே பதிந்த கலங்கலை அதனால் அழிக்க முடியாது. நின்ற படத்துக்குள் கலங்கல் மட்டும் வந்து வந்து போகும்.

அடுத்து வரப்போகும் ராக்கெட்

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கே ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை என்பதுதான் இந்த இடத்தின் பலம். எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கும் நாளில், மணப்பாடு முதல் திருச்செந்தூர் வரை டெலிபோட்டோ மாட்டிய ட்ரைபாடுகள் வரிசை கட்டும். ஏவுதல் சில விநாடிகளில் கண்ணைத் தாண்டிவிடும், ரீடேக் கேட்க முடியாது.

அன்று எடுக்கக்கூடிய படம் இரண்டு வகை. ராக்கெட்டைப் பின்தொடர்ந்து எடுப்பவருக்கு ட்ரைபாடின் தலை தளர்வாக இருக்க வேண்டும், ஸ்டெபிலைசர் ஆனில் இருக்க வேண்டும். லென்ஸில் 'மோடு 2' இருந்தால் அதுதான் பொருத்தம். கேமரா தொடர்ந்து ஒரு திசையில் போவதை உணர்ந்து, அந்தத் திசையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அது திருத்தும். பக்கவாட்டில் போகும் தோணிக்கு மட்டுமல்லாமல், மேலே போகும் ராக்கெட்டுக்கும் அது வேலை செய்யும். சாதாரண மோடில் விட்டால், கேமரா மேலே திரும்பும்போது ஸ்டெபிலைசர் பின்னுக்கு இழுக்கும். வீடியோவில் இது தொடக்கத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரியும் முடிவில் தாண்டி நின்ற மாதிரியும் தெரியும். விடியலிலோ இரவிலோ ஏவினால், ராக்கெட் போன பாதை முழுவதையும் ஒரே ஒளிக்கோடாக எடுக்க நினைப்பவருக்கு எல்லாம் எதிர்ப்பதம்: அகல லென்ஸ், இறுக்கிய தலை, ஊன்றிய கால், நடுக்கம்பியில் தொங்கும் கனமான பை, ஸ்டெபிலைசர் ஆஃப்.

நடுப்பகலில் ஏவினால் இரண்டு பேருக்குமே ஒரு பொதுப் பிரச்சினை இருக்கிறது. சுட்ட மணலுக்கு மேலே காற்று கானல் மாதிரி நெளியும்போது, 600 மி.மீ. லென்ஸில் ராக்கெட்டின் விளிம்பும் சேர்ந்து நெளியும். அதற்கு எந்த ஸ்டெபிலைசரிலும் ஸ்விட்ச் கிடையாது. ஏவுதளத்துக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் நிற்க இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது.